வாய் திறந்த வாலிபர்கள்

வீட்டில் ஓயாமல் பேசும் பையன் ஒருவனை நாலு பேர் கூடிய சபையில் எழுப்பி நிறுத்திப் பாருங்கள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், கால்கள் பின்னும், நேற்றிரவு தலைகீழாகச் சொன்ன பாடம் எங்கோ போய் ஒளிந்துகொள்ளும். திருவள்ளுவர் 'அவை அஞ்சாமை' என்று தனியாக ஓர் அதிகாரமே வகுத்துவிட்டார் என்றால், சபைக் கூச்சம் இன்று நேற்று பிறந்த வியாதி அல்லவென்று தெரிகிறது.

அந்த வியாதிக்கு மருந்தாகத்தான் பள்ளிக்கூடங்களிலும் கல்லூரிகளிலும் பேச்சுப் போட்டி, வாதப் போட்டி எல்லாம் நடக்கின்றன. அதிலும் ஆங்கிலத்தில் நடக்கும் போட்டி என்றால் பெற்றோருக்குத் தனிப் பெருமை. மகள் வாங்கி வந்த வெள்ளிக் கோப்பையைக் கூடத்து அலமாரியில் நடுநாயகமாக வைத்து, வருகிறவர்களிடமெல்லாம் காட்டுகிறார்கள். "முன்பெல்லாம் வாயே திறக்க மாட்டாள், இப்போது பாருங்கள், என்ன தைரியம்!" என்கிறார்கள். அந்தப் பெருமையை நான் குறைத்துப் பேச வரவில்லை. ஆனால் அந்தத் தைரியம் பிறகு எங்கே போகிறது, என்ன வேலை செய்கிறது என்று கேட்பது நியாயந்தானே? இந்தக் கேள்விக்கு வங்காளத்தின் சரித்திரத்தில் அருமையான ஒரு விடை இருக்கிறது.

கல்கத்தாவில் 1817-ஆம் ஆண்டு ஹிந்து கலாசாலை தொடங்கப்பட்டது. ஆங்கிலப் படிப்பை நாடி, ஊரிலுள்ள கௌரவமான ஹிந்துக் குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளை அங்கே அனுப்பின. 1826-ல் அந்தக் கலாசாலைக்கு ஓர் உபாத்தியாயர் வந்து சேர்ந்தார். பெயர் ஹென்றி லூயி விவியன் டெரோஸியோ. போர்த்துகீசிய வம்சமும் இந்திய வம்சமும் கலந்த குடும்பம். கல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்தவர். பதினான்கு வயதோடு பள்ளிப் படிப்பை முடித்துக்கொண்டு குமாஸ்தா வேலை பார்த்தவர். பாகல்பூரில் அவுரித் தோட்டத்தில் இருந்தபடி கவிதை எழுதியவர். கலாசாலையில் நுழைந்தபோது அவருக்கு வயது பதினேழு! இந்தக் காலத்தில் அந்த வயதுப் பையனைத் தனியாக ரயிலேற்றவே தாய்மார்கள் யோசிப்பார்கள்.

1828-ல் டெரோஸியோ தம் மாணாக்கர்களைச் சேர்த்து ஒரு வாத சபையை ஏற்படுத்தினார். 'அகாடமிக் அசோஸியேஷன்' என்று அதற்குப் பெயர். மாணிக்தலாவில் ஒரு தோட்ட வீட்டில் கூட்டம் கூடும். டெரோஸியோதான் அக்கிராசனர். பையன்களில் பலருக்குப் பதின்மூன்று, பதினான்கு, பதினைந்து வயதுதான். விதி பெரிதா, மனிதனுடைய விருப்பம் பெரிதா? கடவுள் உண்டு என்பதற்கு என்ன நியாயம்? இல்லை என்பதற்கு என்ன நியாயம்? விக்கிரக வழிபாடு தேவைதானா? இப்படிப்பட்ட விஷயங்களை எடுத்துக்கொண்டு அந்தப் பையன்கள் ஆங்கிலத்தில் வாதாடினார்கள். நகரத்துப் பெரிய மனிதர்களும் வந்து கேட்டார்கள். கடிகார வியாபாரியாக வந்து கல்வித் தொண்டராக மாறிய டேவிட் ஹேர் வந்தார். பெரிய நீதிமன்றத்து நீதிபதி ஸர் எட்வர்ட் ரயன் வந்தார்.

இங்கே ஆங்கிலம் செய்த ஓர் உபகாரத்தைச் சொல்லியாக வேண்டும். வங்காளியிலும் நம் தமிழைப் போலவே, எதிரே இருப்பவரை அழைப்பதற்கே படிப்படியாகச் சொற்கள் உண்டு. பெரியவருக்கு ஒரு சொல். சமமானவருக்கு ஒரு சொல். சிறியவனுக்கு ஒரு சொல். வாயைத் திறந்து முதல் வார்த்தை சொல்லும்போதே, 'நான் உனக்குக் கீழே' என்றோ, 'நீ எனக்குக் கீழே' என்றோ ஒப்புக்கொண்டாகிவிடுகிறது. ஆங்கிலத்தில் அந்தத் தொல்லை இல்லை. எஜமானுக்கும் வேலைக்காரனுக்கும், குருவுக்கும் சீடனுக்கும் ஒரே சொல்தான். 'ஐயா, நீங்கள் சொல்வது சரியல்ல' என்று பதினான்கு வயதுப் பையன் பெரியவரைப் பார்த்துச் சொல்வதற்கு அந்த அந்நிய பாஷை ஒரு முகமூடி போல உதவியிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. முகமூடி அணிந்தவனுக்குக் கூச்சம் குறைவு.

ஆனால் அந்தச் சபையின் உயிர் ஆங்கிலத்தில் இல்லை. டெரோஸியோவின் முறையில் இருந்தது. எந்தக் கட்சியையும் அவர் மாணாக்கர் தலையில் கட்டவில்லை. கடவுளைப் பற்றிய ஐயங்களை எழுப்பிய ஹ்யூம் என்ற தத்துவ ஞானியைப் படிக்கச் சொன்னார். அதே மூச்சில் அவருக்கு மறுப்பு எழுதிய ரீட், டுகால்ட் ஸ்டுவர்ட் ஆகியோரையும் படிக்கச் சொன்னார். இரண்டு பக்கத்தையும் கேள். பிறகு நீயே முடிவு செய். அவருடைய பாடத்தின் சாரம் இவ்வளவுதான்.

இரண்டு பக்கத்தையும் கேட்கும் பழக்கம் எல்லோருக்கும் பிடிக்குமா? பெற்றோர்கள் கலங்கினார்கள். பிள்ளைகள் சந்தி பண்ணுவதில்லை, பெரியவர்களை மதிப்பதில்லை என்று புகார்கள் வந்தன. கலாசாலையிலிருந்து பையன்களை நிறுத்தத் தொடங்கினார்கள். 1831 ஏப்ரலில் நிர்வாகக் குழு கூடி, டெரோஸியோவை விலக்குவதென்று தீர்மானித்தது. அவர் தாமே ராஜினாமாக் கடிதம் அனுப்பினார். அந்தக் கடிதத்தில் அவர் காட்டிய குறை என்ன தெரியுமா? தம்மீது குற்றச்சாட்டு இன்னதென்று தமக்குச் சொல்லவில்லை. தம்மை அழைத்து விசாரிக்கவில்லை. சாட்சிகளைக் கேட்கவில்லை என்பதுதான். இரண்டு பக்கத்தையும் கேட்க வேண்டும் என்று கற்பித்தவருக்கு, தம் பக்கத்தைச் சொல்ல ஒரு நாள்கூடக் கிடைக்கவில்லை. அதே ஆண்டு டிசம்பர் 26-ஆம் தேதி காலரா கண்டு அவர் இறந்துபோனார். அப்போது வயது இருபத்திரண்டு.

அவருடைய மாணாக்கர்கள் எல்லாம் உத்தமர்களாக நடந்துகொண்டார்கள் என்று நான் கதை கட்ட மாட்டேன். 1831 ஆகஸ்டில் ஒரு நாள், கிருஷ்ண மோகன் பானர்ஜியின் வீட்டில் அவர் இல்லாத சமயம் கூடிய நண்பர்கள், மாட்டு மாமிசம் தின்று எலும்பைப் பக்கத்துப் பிராமணர் வீட்டில் எறிந்தார்கள். தெருவே திரண்டு வந்தது. செய்யாத குற்றத்துக்குக் கிருஷ்ண மோகன் வீட்டைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று. வாதத்தில் வென்றவனுக்கு வரும் தலைக்கனம் அது. அண்டை வீட்டுக்காரருடைய மனத்தைப் புண்படுத்துவதற்கு எந்தத் தைரியமும் வேண்டாம். வாலிப முறுக்கே போதும்.

உண்மையான தைரியம் எது என்பது பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துத் தெரிந்தது.

1838-ல் பழைய மாணாக்கர்கள் கூடிப் பொது அறிவை வளர்ப்பதற்கென்று மற்றொரு சபையை ஏற்படுத்தியிருந்தார்கள். அதன் தலைவர் தாராசந்த் சக்கரவர்த்தி. டெரோஸியோவுக்கு முந்திய காலத்தில் ஹிந்து கலாசாலையில் படித்தவர், வங்காளிக்கும் ஆங்கிலத்துக்கும் அகராதி தொகுத்தவர், நிதானமான மனிதர். 1843 பிப்ரவரி 8-ஆம் தேதி, ஹிந்து கலாசாலையின் மண்டபத்திலேயே கூட்டம் நடந்தது. டெரோஸியோவின் மாணவராக இருந்த தக்ஷிணாரஞ்சன் முகர்ஜி, கும்பினி ஆட்சியில் வங்காளத்துக் குற்றவியல் நீதிமன்றங்களும் போலீஸும் இருக்கும் நிலையைப் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார்.

கேட்டுக்கொண்டிருந்தவர்களில் காப்டன் ரிச்சர்ட்ஸன் ஒருவர். அந்தக் கலாசாலையின் தலைமை ஆசிரியர். ஷேக்ஸ்பியரைப் பாடம் சொல்வதில் பெயர் பெற்றவர். மெக்காலேயே அவருடைய வாசிப்பைப் புகழ்ந்திருக்கிறார். ஆங்கிலத்தில் அழகாகப் பேசவும் எழுதவும் வங்காளத்து வாலிபர்களைப் பழக்கியவர்களில் அவர் முக்கியமானவர். ஆனால் அந்த அழகான ஆங்கிலம் சர்க்கார் மீது திரும்பியபோது அவரால் பொறுக்க முடியவில்லை. பாதியில் எழுந்தார். இந்த மண்டபம் ராஜத்துரோகத்தின் குகையாக மாறுவதைத் தம்மால் அனுமதிக்க முடியாது என்று அதட்டினார்.

அந்த க்ஷணத்தை நினைத்துப் பாருங்கள். பேசுகிறவர் வெள்ளைக்காரர், ராணுவத்தில் இருந்தவர், கலாசாலையின் தலைவர். மண்டபமும் கலாசாலையின் மண்டபம். அக்கிராசனத்தில் இருப்பவரோ ஒரு வங்காளி. ஒரு சமாதான வார்த்தை சொல்லிக் கூட்டத்தைக் கலைத்திருந்தால் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

தாராசந்த் சமாதானம் சொல்லவில்லை. மரியாதை குறையாமல், ஆனால் தெளிவாக, காப்டனுக்கு நிலைமையை விளக்கினார்: இந்த மண்டபத்தை நாங்கள் நிர்வாகக் குழுவிடம் விண்ணப்பித்து வாங்கியிருக்கிறோம், உங்கள் தயவினால் அல்ல. நீங்கள் இன்று இங்கே ஒரு விருந்தாளி. எங்கள் அங்கத்தினர் தம் அபிப்பிராயத்தைச் சொல்லும்போது குறுக்கிட உங்களுக்கு உரிமை கிடையாது. சொன்ன வார்த்தையை வாபஸ் வாங்காவிட்டால் குழுவிடம் முறையிடுவோம். வேண்டுமானால் சர்க்காரிடமும் முறையிடுவோம். அவர் சொன்னதன் சாரம் இது.

ஒரு சபையின் சட்டதிட்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, ஓர் அதிகாரியைப் பார்த்து 'உட்காருங்கள்' என்று சொல்லும் தைரியம் இது. எலும்பை எறிந்த வாலிபர்களிடம் இருந்தது வேறு, இது வேறு. அங்கே கோபம் இருந்தது. இங்கே நியாயம் இருந்தது. வாத சபைகள் கற்றுத் தரக்கூடிய தலைசிறந்த பாடம் இதுதான்: எதிராளி எவ்வளவு பெரியவனானாலும் அவனும் முறைக்குக் கட்டுப்பட்டவன்.

அதே 1843-ல் டேராடூனில் இன்னொரு சம்பவம். டெரோஸியோவின் மாணாக்கர் ராதாநாத் சிக்தார் அப்போது நில அளவை இலாகாவில் கணக்காளர். அளவை இலாகாவின் கூலியாட்களை அவ்விடத்து வெள்ளைக்கார மாஜிஸ்திரேட்டின் ஆட்கள் வெட்டிவேலையாக மூட்டை தூக்க வைத்தார்கள். ராதாநாத் மூட்டைகளைப் பிடித்து வைத்துக்கொண்டார். வழக்கு நடந்தது. 200 ரூபாய் அபராதம் விதித்தார்கள். கட்டினார், தலை குனியவில்லை. பின்னால் 1852-ல், இமயத்தில் பதினைந்தாம் சிகரம் என்று எண்ணிடப்பட்டிருந்த மலைதான் உலகிலேயே உயரமானது என்று கணக்கிட்டுக் கண்டவர் இவர்தான். அந்தச் சிகரத்துக்கு இவருடைய பெயரை வைக்கவில்லை. எவரெஸ்ட் துரையின் பெயரை வைத்தார்கள்.

இவ்வளவும் சரி. ஆனால் இந்த வாலிபர்கள் பேசிய பேச்சை அவர்களுடைய தாய்மார்கள் கேட்டார்களா? மனைவிமார்கள் கேட்டார்களா? தெருக்கோடியில் இருந்த வண்டிக்காரன் கேட்டானா? இல்லை. விதியைப் பற்றியும் விக்கிரகத்தைப் பற்றியும் தோட்ட வீட்டில் ஆங்கிலத்தில் அவ்வளவு பேசினார்களே, அதில் ஒரு சொல்கூட அவர்கள் வீட்டுச் சமையலறைக்குப் போய்ச் சேரவில்லை. யாருடைய வாழ்வை மாற்ற வேண்டுமென்று வாதித்தார்களோ, அவர்களுக்கே அந்த வாதம் புரியவில்லை. கடன் வாங்கிய முகமூடியின் குறை இது. அணிந்தவனுக்குத் தைரியம் வருகிறது. எதிரே நிற்கும் சொந்தத் தாய்க்கு அவனை அடையாளம் தெரிவதில்லை.

அவர்களில் ஒருவர் இதை உணர்ந்தார். அவர் பியாரி சந்த் மித்ரா. ராம்கோபால் கோஷுடன் சேர்ந்து 1842-லேயே ஆங்கிலமும் வங்காளியும் கலந்த ஒரு பத்திரிகை நடத்திப் பார்த்தவர். 1854-ல் அவரும் நம் ராதாநாத் சிக்தாரும் சேர்ந்து 'மாசிக் பத்ரிகா' என்று மாதப் பத்திரிகை ஒன்றைத் தொடங்கினார்கள். யாருக்காக? பண்டிதர்களுக்காக அல்ல, பெண்களுக்காகவும் சாதாரண ஜனங்களுக்காகவும். அன்றைய வங்காளி வசனம் சமஸ்கிருதச் சுமையினால் முதுகு வளைந்து கிடந்தது. பியாரி சந்த் அந்தச் சுமையை இறக்கிவைத்தார். வீட்டிலும் கடைத்தெருவிலும் ஜனங்கள் எப்படிப் பேசினார்களோ, அப்படியே எழுதினார். செல்லத்தால் கெட்டுப்போன பணக்காரப் பிள்ளை ஒருவனின் கதையை அந்தப் பத்திரிகையில் எழுதி, 1858-ல் புத்தகமாக வெளியிட்டார். 'ஆலாலேர் கரேர் துலால்' என்ற அந்த நூல் வங்காளி நாவலின் ஆரம்பங்களில் ஒன்று. பிற்காலத்தில் பங்கிம் சந்திரரே அதன் நடையைப் பாராட்டி எழுதினார்.

கதை எழுதிப் பிழைக்கும் எனக்கு இந்தத் திருப்பம் மிகவும் பிடிக்கிறது. பண்டிதர்கள் முகம் சுளிப்பார்கள் என்று தெரிந்தே பேச்சு வழக்கில் எழுதுவதற்கு ஒரு தைரியம் வேண்டும். பெரியவர்கள் எதிரே எழுந்து நின்று 'இல்லை' என்று சொல்லப் பழகிய அந்த மாணிக்தலா பையனுக்கு அது இருந்தது. தைரியத்தை ஆங்கிலத்தில் கற்றுக்கொண்டார். அதைத் தாய்மொழியில் செலவழித்தார்.

ஆகையால், ஆங்கிலப் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கி வரும் மகளைத் தட்டிக் கொடுங்கள், தப்பில்லை. ஆனால் அன்று ராத்திரி சாப்பாட்டு நேரத்தில், எந்தக் கட்சியை எடுத்துப் பேசினாள், எதிர்க்கட்சிக்காரன் என்ன சொன்னான் என்று பாட்டிக்குப் புரிகிற தமிழில் அவளைச் சொல்லச் சொல்லுங்கள். பாட்டி குறுக்குக் கேள்வி கேட்பாள். அதற்கும் அவள் கோபப்படாமல் பதில் சொல்லிவிட்டால், கோப்பையை அலமாரியில் வைக்கலாம்.