நீலமலைச் சுவடுகள் – 14
ஹட்டி ஹட்டியாக நடந்த மெட்ஸ்

வெலிங்டன் என்றதும் நமக்கு ராணுவம்தான் நினைவுக்கு வரும். மெட்ராஸ் ரெஜிமென்ட் மையமும் முப்படை அதிகாரிகள் படிக்கும் ஸ்டாஃப் காலேஜும் இருக்கும் ஊர். 1860 வரை இந்த இடத்துக்குப் பக்கத்துப் படுகர் ஊரான ஜெகதளாவின் பெயர்தான். வெள்ளையர் அதை ‘ஜக்கதல்லா’ என்றார்கள். 1852-ல் பாரக்ஸ் கட்டத் தொடங்கி 1860-ல் முடித்தபோது, நெப்போலியனை வென்ற தளபதியின் பெயரை ஊருக்குச் சூட்டினார்கள்.

அந்த பாரக்ஸின் சுவர்கள் எழுந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், சில மைல் தள்ளி, கேத்திப் பள்ளத்தாக்கில் வேறொரு வேலை நடந்துகொண்டிருந்தது. இன்று மலை ரயிலில் வெலிங்டனில் ஏறினால் அருவங்காடு தாண்டியதும் கேத்தி வந்துவிடும். அன்று ரயில் இல்லை. வெலிங்டன் சிப்பாய்களுக்கு ஜெபம் செய்ய அரசுச் சம்பளத்தில் பாதிரியார் இருந்தார். கேத்தியில் இருந்தவர்களுக்கு அரசு ஒரு காசும் தரவில்லை. அவர்கள் ஆங்கிலேயரும் இல்லை. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்து மிஷன் அனுப்பிய ஜெர்மானியர்கள். அவர்கள் தேடி வந்தது மலையில் குடியேறிய வெள்ளையரை அல்ல, மலையின் சொந்த மக்களை.

அவர்களுக்கு முன்பும் பாதிரிமார் இந்த மலையை மிதித்திருக்கிறார்கள். 1603-லேயே ஃபெனிசியோ என்ற இயேசு சபைத் துறவி மலபாரிலிருந்து ஏறி வந்தார். மறந்துபோன பழங்காலக் கிறிஸ்தவர்கள் மலைமேல் வாழ்கிறார்கள் என்ற பேச்சை நம்பி வந்தவர் அப்படி யாரையும் காணவில்லை. ஆனால் தோடர்களைப் பற்றி ஐரோப்பியர் எழுதிய முதல் குறிப்பு அவருடையதுதான். திருநெல்வேலியில் மிஷனரி ரேனியஸுடன் ஊழியம் செய்த ஷ்மிட் ஐயர் உடல்நலம் தேடி உதகைக்கு வந்தார். இங்கே அவர் சேகரித்த செடிகளைப் பற்றி 1835 முதல் ஜெர்மனியின் ஜெனாவில் நூலே வெளிவந்தது. இடையன்குடிக்குப் போகும் வழியில் இளைஞர் கால்டுவெல் 1841-ல் குருப்பட்டம் பெற்றதும் உதகையில்தான். இவர்கள் எல்லோருக்கும் நீலகிரி வழியில் வந்த ஊர். தங்கி வேர்விட வந்தவர்களின் கதை கேத்தியில்தான் தொடங்குகிறது.

அதற்கு இடம் கொடுத்தவர் ஒரு நீதிபதி. ஜார்ஜ் ஜேம்ஸ் கசாமேஜர், கம்பெனி அரசில் உயர் பதவி வகித்து ஓய்வு பெற்றவர். கேத்தியில் கவர்னர் லஷிங்டன் காலத்தில் அரசு ஒரு சோதனைப் பண்ணை நடத்தியது. பண்ணை மூடப்பட்ட பின் அந்த இடம் கவர்னர் எல்பின்ஸ்டனின் மாளிகையாக மாறியது. 1845-ல் கசாமேஜர் அதை விலைக்கு வாங்கினார். பணமும் ஓய்வும் உள்ள துரைமார் உதகையில் வேட்டையும் விருந்துமாக இருந்த காலம் அது. இவரோ கன்னடம் படித்தார். படுகர் பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்தார். மங்களூரில் 1834 முதல் இயங்கிவந்த பாசல் மிஷனை மலைக்கு அழைத்தார். 1846-ல் அந்த மிஷனின் ஊழியர் வைக்லே வந்து சேர்ந்தார். 1849-ல் கசாமேஜர் இறந்தபோது கேத்திச் சொத்தை மிஷனுக்கே எழுதி வைத்திருந்தார்.

வைக்லேயைத் தொடர்ந்து வந்தவர்தான் இந்த வாரத்தின் நாயகர் யோஹான் ஃப்ரீட்ரிக் மெட்ஸ். 1819-ல் பிறந்தவர்.

மெட்ஸின் ஊழியத்தை ஒரே சொல்லில் சொல்வதென்றால், நடை. படுகர்களின் ஊர்கள் ஹட்டி என்று அழைக்கப்படும். மலைச் சரிவுகளில் வரிசை வீடுகளாகச் சிதறிக் கிடக்கும் நூற்றுக்கணக்கான ஹட்டிகள். ஆலயத்தில் உட்கார்ந்து மணியடித்தால் யாரும் வரப்போவதில்லை. அதனால் அவர் ஹட்டி ஹட்டியாக ஏறி இறங்கினார். படுகு மொழியில் பேசினார். தோடர் ஊர்களான மந்துகளுக்கும் கோத்தர் ஊர்களான கோக்கால்களுக்கும் போனார். தோடர் பேச்சும் அவருக்குக் கைவந்தது. பிற்காலத்தில் கர்னல் மார்ஷல் தோடர்களைப் பற்றி எழுத வந்தபோது, மெட்ஸையே துணைக்கு அழைத்துக்கொண்டு மந்துகளுக்குப் போனார். 1873-ல் வெளியான அந்த நூலில்தான் நம் ஜி.யு. போப் தோடர் மொழியின் இலக்கணச் சுருக்கத்தை எழுதிச் சேர்த்தார்.

மலைமக்களுக்கு அதுவரை வெள்ளையர் என்றால் வரி கேட்கும் அதிகாரி, இல்லையென்றால் நிலம் தேடும் தோட்டத் துரை. எதுவும் கேட்காமல் வீட்டு வாசலில் உட்கார்ந்து பேசும் வெள்ளையரை அவர்கள் எதில் சேர்ப்பது? சந்தேகம் தீர ஆண்டுகள் ஆயின. பேச்சைக் கேட்டார்கள், பதிலும் சொன்னார்கள். ஆனால் ஒருவரும் ஞானஸ்நானத்துக்கு முன்வரவில்லை.

அந்தக் காத்திருப்பில் மெட்ஸ் கண்டதையும் கேட்டதையும் எழுதி வைத்தார். அக்குறிப்புகள் 1856-ல் சென்னையில் நீலகிரிப் பழங்குடிகளைப் பற்றிய சிறு நூலாக வெளிவந்தன. முகப்பில் அவர் பெயர்கூட இல்லை, ‘ஒரு ஜெர்மன் மிஷனரி’ என்று மட்டுமே இருந்தது. 1864-ல் மங்களூரில் அடுத்த பதிப்பு வந்தது. தோடரின் நெய், கோத்தரின் இரும்புக் கருவியும் வாத்தியமும், குறும்பரின் காட்டுப் பொருள், படுகரின் தானியம் என்று ஒருவரை ஒருவர் சார்ந்து வாழ்ந்த பழைய மலைச் சமுதாயத்தை அறிய விரும்புவோர் இன்றும் மெட்ஸைத் தேடிப் போகிறார்கள்.

படுகர்களின் சாவுச் சடங்கு அவரை மிகவும் சிந்திக்க வைத்திருக்கும். பாடையைச் சுற்றி ஊர் கூடி நிற்கும். பெரியவர் ஒருவர், இறந்தவரும் முன்னோரும் செய்திருக்கக்கூடிய பாவங்களை ஒவ்வொன்றாகச் சொல்லுவார். எல்லைக் கல்லை நகர்த்தியது, அண்ணன் தம்பிக்குள் சண்டை மூட்டியது, வழிப்போக்கருக்கு வழி காட்டாதது. ஒவ்வொன்றுக்கும் கூட்டம், அது பாவம் என்று குரல் கொடுக்கும். அத்தனை பாவமும் ஒரு எருமைக் கன்றின்மேல் ஏற்றப்பட்டு, கன்று அவிழ்த்து விடப்படும். பாவம், அறிக்கை, மன்னிப்பு ஆகியவற்றைப் போதிக்க வந்த ஒருவர், அவை எல்லாவற்றையும் தங்களுக்கே உரிய வழியில் அறிந்து வைத்திருந்த மக்களைக் கண்டார்.

ஆயினும் அவர் தம் காலத்தின் மனிதர். மலைமக்களின் வழிபாட்டை இருள் என்றும் மூடநம்பிக்கை என்றும் அவர் எழுதிய பக்கங்களும் உண்டு. படிக்கும்போது மனம் கசக்கத்தான் செய்கிறது. அந்த உழைப்பை மதிக்கும் நாம் இந்தக் கசப்பை மறைக்கத் தேவையில்லை.

1858-ல் கேத்தியில் முதல் படுகர் ஞானஸ்நானம் பெற்றார். ஹள்ள மாதா என்பது அவருடைய இயற்பெயர், ஆபிரகாம் என்பது புதுப்பெயர். மிஷன் வந்து பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்திருந்தன.

மிஷனரி வரலாறுகளில் இந்த இடம் வெற்றிக் கொடி பறக்கும் இடம். எனக்கு அப்படிப் படிக்க முடியவில்லை. மெட்ஸ் கடல் கடந்து வந்தார் என்பது உண்மை. ஆனால் அவருக்குப் பின்னால் பாசலில் ஒரு சபை இருந்தது, கேத்தியில் ஒரு வீடு இருந்தது. ஹள்ள மாதாவுக்கோ பின்னால் இருந்தது அவருடைய ஹட்டி மட்டும். ஹட்டியில் தனிமனிதர் என்று யாரும் இல்லை. நிலம், கல்யாணம், சாவு எல்லாம் ஊர்க்கூட்டத்தோடு. மதம் மாறியவர் ஊர்ப் பந்தியிலிருந்து விலக்கப்பட்டார். அவருக்குப் பெண் கொடுப்பார் இல்லை. செத்தால் பாடை தூக்க உறவு வராது. மெட்ஸ் கடந்த தூரத்தைவிட, தன் வீட்டு வாசலிலிருந்து மிஷன் வாசல்வரை ஹள்ள மாதா கடந்த தூரம் பெரிது. சுவிசேஷத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பிரசங்கியின் பெயரைப் பெரிதாகவும், கேட்டு வாழ்க்கையையே பணயம் வைத்தவர் பெயரைச் சிறிதாகவும் எழுதிப் பழகிவிட்டார்கள். அந்தக் கணக்கைத் திருத்த வேண்டும் என்பதற்காகவே இந்த அத்தியாயத்தை எழுதுகிறேன்.

எண்ணிக்கையில் பார்த்தால் பாசல் மிஷனின் அறுவடை சிறியதுதான். இன்றும் படுகர்களில் பெரும்பாலோர் இந்துக்கள். ஆண்டுதோறும் பேரகணியில் ஹெத்தையம்மன் திருவிழாவுக்கு வெள்ளுடை உடுத்தித் திரளும் கூட்டமே அதற்குச் சாட்சி. படுகர் கிறிஸ்தவர்கள் சிறிய, ஆனால் உறுதியான சமூகமாக நிலைத்திருக்கிறார்கள். 1890-ல் மங்களூர் பாசல் மிஷன் அச்சகம் லூக்கா நற்செய்தியைப் படுகு மொழியில், கன்னட எழுத்தில் அச்சிட்டது. வாய்மொழியாகவே வாழ்ந்த ஒரு மொழி அப்படி அச்சேறியது. முதல் உலகப் போரில் ஜெர்மானியர் என்ற காரணத்துக்காகவே மிஷனரிகள் நாட்டை விட்டு அனுப்பப்பட்டார்கள். சபைகளும் பள்ளிகளும் உள்ளூர்க்காரர் தோளில் நின்றன. இன்று அவை தென்னிந்தியத் திருச்சபையின் கோவைத் திருமண்டலத்தில் இருக்கின்றன.

மெட்ஸ் 1885-ல் மறைந்தார். மதத்தை ஒப்புக்கொள்ளாதவர்களும் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளக்கூடிய பாடம் ஒன்று உண்டு. ஒரு மக்களிடம் எதையாவது சொல்ல விரும்புகிறவர், முதலில் அவர்கள் பேச்சைக் கற்று, அவர்கள் வாசலில் உட்கார்ந்து, பல ஆண்டுகள் கேட்க வேண்டும். மலைமக்களுக்குத் திட்டம் தீட்டும் அதிகாரிகளுக்கும், அவர்களை ஆராய வரும் மாணவர்களுக்கும், அவர்களிடம் ஓட்டுக் கேட்டு வருகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

அடுத்த வாரம்: தோடர் மந்துகளில் பல்லாண்டுகள் உழைத்த கேத்தரின் லிங் அம்மையாரும், அவரது மிஷனில் உபதேசியாராக இருந்து, மானிடவியலாளர் ரிவர்ஸுக்கு மொழிபெயர்ப்பாளராக நடந்த சாமுவேலும்.

(தொடரும்)