மோரீசுக்குப் போகிறவர்கள் எந்த மொழியில் பேசுவது?

நம் ஊரில் இப்போதெல்லாம் அறுபதாம் கல்யாணம், எழுபதாம் கல்யாணம் என்றால் பிள்ளைகள் பட்டுப்புடவை, வேட்டியோடு விடுவதில்லை. விமான டிக்கெட்டும் எடுத்துக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். சிங்கப்பூருக்கு அடுத்தபடியாக மோரீசுக்குப் போகிறவர்கள் அதிகம். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன், அந்தத் தீவுக்கு ஒரு முறை போய் வந்தவன் என்பதால் என்னிடம் விசாரிக்க வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்வதைவிட எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

சில்லறை விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். நம்மவர்கள் முன்கூட்டியே விசா வாங்க வேண்டியதில்லை. திரும்பி வரும் டிக்கெட்டும் தங்குமிட விவரமும் கையில் இருக்கட்டும். கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் பின்னால் தள்ளி வைக்க வேண்டும். ஜூன் முதல் ஆகஸ்டு வரை அங்கே குளிர்காலம், மலைப்பக்கம் போனால் ஸ்வெட்டர் வேண்டும். ஜனவரி முதல் மார்ச்சு வரை புயல் காலம். சர்க்கரை, ரத்த அழுத்தம் என்று மாத்திரைப் பையோடு அலைகிற வயது நமக்கு. மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரிக்காமல் டாக்டர் சீட்டோடு கொண்டு போங்கள். சில மருந்துகளுக்கு அங்கே கட்டுப்பாடு கடுமை. பஸ் வசதி நன்றாக இருக்கிறது. ஆனால் இருட்டிய பிறகு பஸ்ஸை நம்பாதீர்கள்.

இனி எல்லோரும் கேட்கிற கேள்வி. “அங்கே தமிழ் பேசினால் புரியுமா சார்?”

புரியாது. தமிழ்ப் பெயர் உள்ளவர்கள் நிறைய இருக்கிறார்கள், தமிழ் பேசுகிறவர்கள் மிகக் குறைவு. வீட்டிலும் தெருவிலும் கிரியோல், பத்திரிகையில் பிரெஞ்சு, அரசாங்கத் தாளில் ஆங்கிலம். சட்டசபையின் மொழி ஆங்கிலம் என்று அரசியல் சட்டம் சொல்கிறது; உறுப்பினர் விரும்பினால் பிரெஞ்சில் பேசலாம் என்றும் அதே வரியில் சொல்கிறது. காகிதங்களோடு ஆயுளைக் கழித்த குமாஸ்தாவான எனக்கு இந்த ஏற்பாட்டின் கதை மிகவும் பிடித்தது.

டச்சுக்காரர்கள் 1710இல் விட்டுப் போன தீவை 1715இல் பிரெஞ்சுக்காரர்கள் எடுத்துக்கொண்டு ‘இல் தெ பிரான்ஸ்’ என்று பெயர் வைத்தார்கள். 1810 டிசம்பர் 3ஆம் தேதி அது ஆங்கிலேயரிடம் சரணடைந்தது. சரணாகதிப் பத்திரத்தில் தீவு மக்களின் மதம், சட்டம், வழக்கம் மூன்றும் காப்பாற்றப்படும் என்று எழுதி வாங்கினார்கள். மொழி என்று தனியே ஒரு சொல் அதில் இல்லை. 1847இல் உயர் நீதிமன்றத்தில் ஆங்கிலம் கட்டாயமாயிற்று. ஆங்கிலக் கொடி 1968 மார்ச் 12 வரை, அதாவது நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் பறந்தது. பிரெஞ்சு அசையவில்லை. கரும்புத் தோட்டக்காரர்கள் பிரெஞ்சுக்காரர்களாகவே இருந்தார்கள், ஆங்கிலேயர் அதிகம் பேர் குடியேறவில்லை. அடிமைகள் வாயில் பிறந்த கிரியோலும் பிரெஞ்சின் பிள்ளைதான்.

நம் கதையைப் பாருங்கள். 1956 மே 28இல் கையெழுத்தான ஒப்பந்தத்தில், மக்களின் பிரதிநிதிகள் வேறு முடிவு செய்யாதவரை பிரெஞ்சே இங்கே ஆட்சிமொழியாக நீடிக்கும் என்று கறுப்பு மையில் எழுதியிருக்கிறது. 1962இல் அது அமலுக்கு வந்தது, 1965இல் தமிழுக்கு ஆட்சிமொழிச் சட்டம் வந்தது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது பிரெஞ்சில் குறிப்பு எழுதத் தெரிந்த பெரியவர்கள் சிலர் மிச்சமிருந்தார்கள். அவர்கள் ஒவ்வொருவராக ஓய்வு பெற, பழைய பத்திரங்களைப் படித்துச் சொல்ல ஆள் தேட வேண்டியதாயிற்று. இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. இங்கே பிரெஞ்சு கச்சேரிக்கும் பள்ளிக்கும் போயிற்றே தவிர, சில வீடுகளைத் தவிர மற்ற வீட்டு அடுப்படிக்குள் நுழையவில்லை.

அங்கே அடுப்படிக்குள் நுழைந்தது நம் தமிழ். போர்லூயி நகரத்து மத்திய மார்க்கெட்டுக்குக் காலையில் போங்கள். கறிவேப்பிலைக்கு அவர்கள் சொல்லும் பெயர் ‘கரிபூலே’. முருங்கைக்கீரை ‘ப்ரேத் முரும்’. பீர்க்கங்காய் ‘பிபங்காய்’. ரசம் ‘ரசோன்’. விற்கிற அம்மாளுக்கு இவை தமிழ் என்று தெரியாது. அவருக்கு அது கிரியோல். தமிழ்க் கல்யாணத்தில் வாழையிலையில் ஏழு கறி பரிமாறுவார்கள், அதற்குப் பெயரே ‘செத் காரி’. தெருவோரத்தில் விற்கும் ‘காத்தோ பிமான்’ நம் பருப்பு வடையின் தம்பி. சுடச்சுட வாங்கி ரொட்டிக்குள் வைத்துத் தின்பார்கள். என் மனைவி வாய் திறக்காமல் கையால் காட்டியே எட்டு நாள் சமையலுக்கு வாங்கிவிட்டாள் என்பதையும் சொல்ல வேண்டும். பாம்ப்லமூஸ் என்ற ஊரில் பெரிய தாவரத் தோட்டம் இருக்கிறது. அந்தப் பெயரும் நம் பம்பளிமாசும் உறவு. நம் பெட்டிக்கடையில் தொங்கும் மோரிஸ் பழம் மட்டும் என்ன, அந்தத் தீவின் பெயரைத்தானே சுமக்கிறது.

பணம் மாற்றும்போது நோட்டை உடனே பையில் திணிக்காமல் பாருங்கள். அங்கேயும் ரூபாய்தான், 1877 முதல். நம் ரூபாயைவிட மதிப்பு கூடியது. நோட்டில் ஆங்கிலத்துக்கு அடுத்து தமிழ், அதற்கடுத்து இந்தி. நம் பழைய தமிழ் எண்களும் உண்டு. நம் பேரப்பிள்ளைகளுக்கு அவற்றைப் படிக்கத் தெரியுமா என்பது வேறு விஷயம். 1998இல் தமிழை மூன்றாம் இடத்துக்குத் தள்ளி நோட்டு அச்சடித்தார்கள். தமிழர்கள் பொங்கி எழ, அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்றுப் பழைய வரிசையிலேயே மறுபடி அச்சிட்டார்கள். நூறு ரூபாய் நோட்டில் இருப்பவர் வழக்கறிஞரும் அமைச்சருமாக இருந்த ரங்கநாதன் சீனிவாசன்.

பேசாத மொழிக்கு இவ்வளவு சண்டையா என்று இங்கே ஒரு நண்பர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காத்ர் போர்ன் ஊரில் கோர்தெகார்த் மலைச்சரிவில் முருகன் கோயில் இருக்கிறது. அங்கே என்னைவிட மூத்த ஒருவர், “முசியே, புதுச்சேரியா?” என்று பிரெஞ்சில் கேட்டுப் பக்கத்தில் வந்தார். சுவரில் எழுதியிருந்த ஒரு தமிழ் வரியைக் காட்டி, அதைப் படித்துச் சொல்லச் சொன்னார். சிறு வயது முதல் கும்பிடுகிற கோயிலாம். ‘யாமிருக்க பயமேன்’ என்று படித்து, பிரெஞ்சில் அர்த்தம் சொன்னேன். பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து, அந்தத் தமிழ் ஓசையை ரோமன் எழுத்தில் எழுதித் தரச் சொன்னார். ‘உ’ வரும் இடத்தில் நம் ஊர்ப் பிறப்புச் சான்றிதழில் எழுதுவது போல இரண்டெழுத்து போட்டு எழுதினேன். திணறாமல் படித்தார். அவர் பெயரும் அப்படித்தான் எழுதப்பட்டதாம்.

கடற்கரை ஓட்டலோடு நின்றுவிடாமல் ஒரு நாளைப் போர்லூயிக்கு ஒதுக்குங்கள். துறைமுகத்தைப் பார்த்தபடி லபூர்தொனே சிலை நிற்கிறது. 1735இல் கவர்னராக வந்து அந்த நகரத்தை எழுப்பியவர். 1746இல் சென்னையைப் பிடித்து, அதை என்ன செய்வது என்று நம் துய்ப்ளேக்சோடு சண்டை போட்டு, கடைசியில் பஸ்தீய் சிறையில் கிடந்தவர். துய்ப்ளேக்சு இங்கே கடலோரம், அவர் அங்கே கடலோரம். ஆனால் கல் சுமந்தது யார்? புதுச்சேரியிலிருந்து போன கொத்தர்களும் தச்சர்களும். கூலி பேசிப் போனவர்கள் உண்டு, அடிமைகளாக விற்கப்பட்டுப் போனவர்களும் உண்டு. தமிழர்களை அன்று ‘மலபார்’ என்பார்கள், அவர்கள் குடியிருந்த பேட்டை ‘கான் தே மலபார்’. ஒப்பந்தக் கூலிகள் வந்திறங்கியது 1834இல் தொடங்குகிறது. அவர்கள் ஏறி வந்த படிகளை ஆப்பிரவாசி காட் என்ற இடத்தில் பாதுகாக்கிறார்கள். கூட்டம் இருக்காது, நிதானமாகப் பார்க்கலாம்.

தைப்பூசம் அங்கே அரசு விடுமுறை, ‘காவடி’ என்றே பெயர். பார்க்க ஆசைப்படுகிறவர்கள் தை மாதத்தில் டிக்கெட் எடுங்கள். அது புயல் காலம் என்பதால் எச்சரிக்கை ஒன்று முதல் நான்கு வரை படிப்படியாக அறிவிப்பார்கள். மூன்று என்றால் ஓட்டலை விட்டு வெளியே வரக் கூடாது. ஊர் திரும்ப இரண்டு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். கோயிலுக்குப் போகும்போது கண்ணாடியை மறக்காதீர்கள், யாராவது எதையாவது படித்துச் சொல்லச் சொல்வார்கள்.