கோரோவின் தேவதைகளும் நம்ம கடல்கட்டியும்

பிரான்சில் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெறும் மரத்தையும் ஏரியையும் வரைந்தால் அது இரண்டாந்தர ஓவியம்தான். கிரேக்கப் புராணமோ பைபிள் கதையோ அதில் இருந்தால்தான் மரியாதை. இதற்காகவே ரோம் பரிசில் 'வரலாற்று நிலக்காட்சி' என்று தனிப் பிரிவு வந்தது. 1817-இல் அதை முதலில் வென்றவர் மிஷலோன். அவரிடம் படித்தவர்தான் கமீய் கோரோ (1796–1875).

கோரோ 1850 வாக்கில் வரைந்த 'காலை: வனதேவதைகளின் நடனம்' இன்று பாரீஸில் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. விடியற்காலைப் பனி, மங்கலான மரங்கள், அடியில் ஆடும் தேவதைகள். தேவதைகளை மறைத்துவிட்டுப் பாருங்கள், அந்த விடியலின் அமைதி அப்படியே இருக்கும். உணர்வைத் தந்தது ஒளி. புராணம் ஓவியத்தின் அந்தஸ்தைத்தான் உயர்த்தியது.

1863-இல் அந்தப் பரிசுப் பிரிவையே எடுத்துவிட்டார்கள். ஆனால் புராண மோகம் போய்விடவில்லை. அதே ஆண்டு செப்டம்பர் 30 அன்று பாரீஸில் பிஸேயின் 'முத்துக் குளிப்பவர்கள்' இசை நாடகம் அரங்கேறியது. கதை நடக்கும் இடம் இலங்கைக் கடற்கரை. முதலில் மெக்ஸிகோ என்றுதான் யோசித்தார்களாம்! அதில் லெய்லா என்ற பூசாரிப் பெண் பாறைமேல் நின்று பிரம்மாவை வேண்டிப் பாடுவாள். கடலில் இறங்கியவர்களுக்கு அது காவல்.

மன்னார் வளைகுடாவில் நிஜமாகவே அப்படி ஒரு காவல் இருந்தது. சுறாக்களை மந்திரத்தால் கட்டுவதாக நம்பப்பட்டவர்களைக் 'கடல்கட்டி' என்பார்கள். அவர்களுக்குக் கூலியும் உண்டு. சுறாவைக் கட்டுபவருக்கு 20-இல் 1 பங்கு என்று 13-ஆம் நூற்றாண்டிலேயே மார்க்கோ போலோ கணக்குச் சொல்கிறார். காலில் கல்லைக் கட்டி, மூச்சைப் பிடித்து இறங்குபவனுக்கு அந்த நம்பிக்கை அலங்காரம் இல்லை, தொழிலின் ஒரு செலவு.

நிலத்தையும் உணர்வையும் தெய்வத்தையும் தமிழ் இலக்கணம் எப்போதோ சேர்த்து வைத்துவிட்டது. நெய்தலுக்கு வருணன் தெய்வம், எற்பாடு பொழுது, இரங்கல் உணர்வு. அங்கே வாழும் மக்கள் பரதவர், தொழில் மீன்பிடித்தல் என்பதும் அதே பட்டியலில் உண்டு. கோரோவின் காட்டில் தேவதைகள் ஆடலாம், விறகு வெட்டுபவன் இல்லாவிட்டாலும் படம் முழுமைதான். நெய்தலில் ஆளை எடுத்துவிட்டால் இரங்குவதற்கு யார் இருக்கிறார்கள்?

தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல். பிஸேயின் நாடகம் இன்றும் உலக மேடைகளில் பாடப்படுகிறது. அதைக் கேட்பவர்களில் எத்தனை பேருக்குக் கடல்கட்டியைத் தெரியும்?