கதவும் சங்கிலியும்

சிவகாசிப் பட்டாசு ஆலைகளில் மருந்து செலுத்தும் அறைக்குச் சட்டம் வகுத்த இலக்கணம் ஒன்று உண்டு. நாலு பேருக்கு மேல் உள்ளே இருக்கக் கூடாது. கதவுகள் வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். அறைக்கும் அறைக்கும் இடைவெளி விட வேண்டும். மனிதன் கை தவறுவான், தவறினால் ஓட வழி வேண்டும் என்ற கணக்கில் எழுதிய விதிகள் இவை. முந்தைய நாள்தான் உரிமம் நிறுத்திவைக்கப்பட்ட ஆலையில், 2012 செப்டம்பர் 5 அன்று, சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் வெடிவிபத்தில் கிட்டத்தட்ட 40 பேர் மாண்டதும் இந்தக் கணக்கை மீறியதன் விலைதான். 1985 வரை சிவகாசியும் ஏர்வாடியும் ஒரே ராமநாதபுரம் மாவட்டம். அந்த ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றின் ஓலைக் கொட்டகை பற்றிக்கொண்டது. 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் கட்டுண்டு கிடந்தவர்களுக்குக் கதவு எந்தப் பக்கம் திறந்தால் என்ன?

அந்தச் சங்கிலியைக் கொடுமைக்காரக் குடும்பங்களின் கண்டுபிடிப்பு என்று ஒதுக்கிவிட முடியாது. 1912-ஆம் ஆண்டுச் சட்டம் மனநோயைப் போலீஸும் மாஜிஸ்திரேட்டும் பார்க்க வேண்டிய விவகாரமாகத்தான் கண்டது. அது 1993 வரை நடைமுறையில் இருந்தது. தமிழ்நாட்டுக்கென்று இருந்த ஒரே அரசு மனநல மருத்துவமனை சென்னைக் கீழ்ப்பாக்கத்தில். சிவகாசியிலிருந்து 500 கிலோமீட்டருக்கு மேல். தினக்கூலிக்குப் போகும் வீட்டில் ஒருவர் ராத்திரியில் எழுந்து ஓடினால், அடுத்த வீட்டுக் கூரைக்குத் தீ வைத்துவிடுவாரோ என்ற பயம் வந்தால், பெரியாஸ்பத்திரியைவிட ஏர்வாடி தர்கா கிட்டத்தில் இருந்தது. அரசு ஏற்காத காவல் பொறுப்பு குடும்பத்தின் தலையில் விழுந்தது. குடும்பம் அதைச் சங்கிலிக்குக் கைமாற்றியது.

நம்பிக்கைத் தலங்களே பாழ் என்று சொல்வோரும் உண்டு. தமிழ்நாட்டுக் கோயில் ஒன்றில் தங்கிய 31 பேரை ஆராய்ந்து 2002-இல் வெளியான மருத்துவ ஆய்வு வேறு கதை சொல்கிறது. அவர்களுடைய நோய்க்குறிகள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு தணிந்திருந்தன. தனிச் சடங்கு எதுவும் நடக்கவில்லை. அரவணைக்கும் இடத்தில் சில வாரம் இருந்தார்கள், அவ்வளவுதான். ஏர்வாடியின் பிழை வழிபாட்டில் இல்லை. மருந்து எட்டாத இடத்தில், உரிமமும் கண்காணிப்பும் இல்லாமல் பூட்டி வைத்ததில் இருந்தது.

இதைவிடக் கனமான கேள்வி ஒன்று பாக்கி. மருந்தை மறுத்து அடுத்தவரைத் தாக்குபவருக்குப் பொறுப்பே கிடையாதா? தான் செய்வது இன்னதென்று அறிய முடியாத நிலையில் செய்தது குற்றமாகாது என்று 1860-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டமே சொன்னது. ஆனால் அந்த விலக்கு, சம்பவம் நடந்து முடிந்தபின் நீதிமன்றத்தில் பேசப்படுவது. பக்கத்து வீட்டாரின் பயத்துக்கு அது பதிலாகாது. பதில் அதற்கு முன்னால், நோய் முற்றும் மாதங்களில் இருக்கிறது. 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சங்கிலியைத் தடைசெய்தது. கூடவே, தனக்கோ பிறருக்கோ ஆபத்து விளைவிக்கும் நிலையில் இருப்பவரை, மனநல மருத்துவர் உட்பட இருவர் தனித்தனியே சோதித்துச் சொன்னால் 30 நாள் வரை சேர்த்துக்கொள்ளவும் இடம் கொடுத்தது. தெருவில் திரிபவரை லாக்கப்பில் அடைக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோவது போலீஸின் கடமை என்றும் எழுதியது. ஆக, சட்டம் பொதுமக்களைக் கைவிடவில்லை.

பட்டாசு ஆலையில் விபத்து நடந்தால் ‘உராய்வு’ என்று ஒரே சொல்லில் தொழிலாளியின் கையைக் காரணமாக்கிவிடுவது சுலபம். ஆனால் விதி எழுதியவர்கள் அந்தக் கையைக் கட்டச் சொல்லவில்லை. ஆளைக் குறைத்தார்கள், கதவை மாற்றினார்கள். மனநோய்க்கு அப்படியொரு கதவு, மாதாமாதம் மாத்திரை தீராமல் கிடைக்கும் மாவட்ட மருத்துவமனைதான். 1996-இல் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டத்தின் நோக்கமும் அதுவே. நோயாளியிடம் பொறுப்பைக் கேட்கும் முன், அந்தக் கதவு அவர் ஊருக்குப் பக்கத்தில் திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.