நானூறு கிலோமீற்றரும் ஒரு மணித்தியாலமும்

கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையிலான தூரம் நேர்கோட்டில் ஏறத்தாழ 300 கிலோமீற்றர். தரை வழியே சென்றால் அது 400 கிலோமீற்றரை அண்மிக்கின்றது. ஏ-9 வீதி கண்டியிலிருந்து தொடங்குவதால், கொழும்பிலிருந்து செல்பவர் கரையோரமாகப் புத்தளம் வரை சென்று, கிழக்கே அநுராதபுரம் நோக்கித் திரும்பி, மதவாச்சி வழியாகவே வவுனியாவை அடைகின்றார். இரவுப் பேருந்துக்கு இதற்கு எட்டு மணித்தியாலம் வரை தேவைப்படுகின்றது. சிறிய விமானமோ ஒரு மணித்தியாலத்துக்குள் கடந்துவிடும்.

ஆயினும் இந்தத் தூரத்தை எமது மக்கள் ஒருபோதும் கிலோமீற்றரில் மட்டும் அளந்ததில்லை. 1956 இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி 1990 இல் வடக்கே வருவது நின்றது. ஆனையிறவு வழியும் மூடப்பட்ட அந்த ஆண்டுகளில், கிளாலிக் கடனீரேரியை இரவில் படகேறிக் கடந்தவர்கள் பலர் கரை சேரவில்லை. வான்வழியும் காப்பாற்றிவிடவில்லை. 1998 செப்ரெம்பர் 29 ஆம் திகதி பலாலியிலிருந்து இரத்மலானை நோக்கிப் புறப்பட்ட விமானம் மன்னார்க் கடலில் வீழ்ந்ததில் 55 பேர் உயிரிழந்தனர்.

2002 ஏப்ரலில் ஏ-9 திறக்கப்பட்டபோது ஓமந்தை, புளியங்குளம், பளை, முகமாலை என இரு தரப்பினதும் சோதனைச்சாவடிகளில் பொதிகளை இறக்கி ஏற்றியே பயணம் செய்தோம். வீதியில் ஓடிய நேரத்தைவிட வரிசையில் நின்ற நேரமே நெஞ்சில் நிற்கின்றது. 2006 ஓகஸ்ற்றில் அதுவும் மூடப்பட்டது. வவுனியாவிலிருந்து 140 கிலோமீற்றர் வடக்கே இருந்த வீட்டுக்குச் செல்ல, திருகோணமலை சென்று கப்பலுக்குக் காத்திருக்க நேர்ந்தது.

போர் முடிந்தபின் வீதி திறந்தது. புகையிரதம் 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்தை மீண்டும் அடைந்தது. பலாலி 2019 ஒக்ரோபரில் சர்வதேச விமான நிலையமாயிற்று. அங்கிருந்து சென்னை ஆகாயத்தில் 350 கிலோமீற்றர் அளவே. அதற்கு முன்னர், வடக்கே அத்தனை அண்மையிலுள்ள நகருக்குப் பறக்க விரும்பியவர் முதலில் தெற்கே 400 கிலோமீற்றர் செல்ல வேண்டியிருந்தது!

இனி உள்நாட்டுப் பறப்பின் கணக்கு. யாழ். நகரிலிருந்து பலாலிக்குச் செல்லும் நேரம், முன்கூட்டியே அங்கு நிற்க வேண்டிய நேரம், இரத்மலானையில் இறங்கியபின் காலி வீதி நெரிசலில் கழியும் நேரம் ஆகியவற்றைக் கூட்டினால் ஒரு மணித்தியாலம் மூன்று நான்காகிவிடுகின்றது. நோயாளிக்கும் அவசர அலுவலுக்குச் செல்பவருக்கும் அதுவும் பேருதவியே. வெளிநாடு செல்பவருக்கு அப்படியல்ல. இரத்மலானை கொழும்புக்குத் தெற்கே உள்ளது. கட்டுநாயக்க வடக்கே ஏறத்தாழ 30 கிலோமீற்றரில் உள்ளது. இரத்மலானையில் இறங்கியவர் பெட்டிகளோடு முழுக் கொழும்பையும் ஊடறுத்துத் திரும்பி வரவேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து புத்தளம் வழியாக வரும் வாகனமோ கொழும்பைத் தொடாமலேயே அவரைக் கட்டுநாயக்கவில் இறக்கிவிடும். இதனால்தான் விமானத்துக்குப் பணம் கொடுக்கக்கூடியவர்களும் இரவு முழுவதும் வானில் குந்தியிருந்து வருகின்றனர். நித்திரைக் கலக்கத்தில் சாரதி ஓட்டும் அந்த வாகனங்கள் விபத்துக்குள்ளாகும் செய்திகளை நாம் அடிக்கடி அச்சிட வேண்டியுள்ளது.

பலாலியிலிருந்து நேரே கட்டுநாயக்கவில் இறங்கும் ஒழுங்கான சேவையையே வடக்கு மக்களுக்குப் பயனுள்ளதென நாம் கருதுகின்றோம். உள்ளூர் விமானங்கள் பற்றித் திட்டமிடுவோர் இரத்மலானையை முன்வைப்பதற்கு முன்னர், பயணி இறுதியாகச் சேர விரும்பும் இடம் எதுவென்று விசாரித்தறிய வேண்டும்.