கல்லமேட்டுப் பேருடல் பல்லி

உலகிலேயே பெரிய டைனோசர் எது என்று கேட்டால் எல்லோரும் அர்ஜென்டினா பக்கம் கை காட்டுவார்கள். அரியலூர் மாவட்டத்திலேயே ஒரு போட்டியாளர் உண்டு, தெரியுமா?

கல்லமேட்டில் கிடைத்த எலும்புகளுக்கு, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த யாதகிரியும் அய்யாசாமியும் 1987-ல் 'ப்ருஹத்காயோசாரஸ் மேட்லியி' என்று பெயர் வைத்தார்கள். ப்ருஹத் என்றால் மிகப் பெரிய, காயம் என்றால் உடல், இரண்டும் சமஸ்கிருதம். சாரஸ் என்பது கிரேக்கத்தில் பல்லி. மேட்லி, இதே வட்டாரத்து டைனோசர் எலும்புகளை முன்பே ஆராய்ந்த ஆங்கிலேயர்.

முதலில் இதை இரைதின்னும் தெரோபாட் வகையில் சேர்த்தார்கள். ஆனால் முழங்காலுக்குக் கீழ் உள்ள எலும்பு மட்டுமே 2 மீட்டர்! அர்ஜென்டினோசாரஸுக்கே அது சுமார் 1.55 மீட்டர்தான். அதனால் பிறகு நீண்ட கழுத்துள்ள, தழை தின்னும் சாரோபாட் வகைக்கு மாற்றினார்கள். 'இது எலும்பே இல்லை, கல்லாகிப் போன மரம்' என்ற சந்தேகமும் எழுந்தது. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் கல்மரம் கிடக்கிறதே!

எலும்பைக் காட்டி வழக்கை முடிக்கலாம் என்றால், அதுதான் இல்லை. எல்லாம் நொறுங்கி அழிந்துவிட்டதாக 2017-ல் தெரிய வந்தது. 2022-ல் வெளியான பழைய புகைப்படங்கள் சாரோபாட் என்பதை உறுதி செய்தன. 2023-ல் வந்த ஒரு கணக்கு, எடை 110 டன்னுக்கும் மேல் என்கிறது. இருந்தும், அளந்து பார்க்க எலும்பு இல்லாததால் பட்டம் மட்டும் கைக்கு வரவில்லை. கண்டெடுப்பது பாதி வேலைதான், காப்பாற்றுவதுதான் மீதி!