சின்ன அலைக்கு எந்தப் பலகை? பசறையிலிருந்து அறுகம்பை வரை

பதுளையில் பஸ் ஏறி, பசறை, மொனராகலை, சியம்பலாண்டுவ, லகுகல காடு எல்லாம் தாண்டி பொத்துவிலில் இறங்கினால் அறுகம்பை பக்கம்தான். மலையிலிருந்து கடலுக்கு ஒரு பகல் கூடத் தேவையில்லை. ஆனாலும் இருபது வயது வரைக்கும் நான் அந்தக் கடலைப் பார்த்ததில்லை. சித்தப்பா மகன் சீசனுக்கு அங்கே ஒரு கெஸ்ட் ஹவுஸ் சமையலறையில் வேலைக்குப் போனதால்தான் கெம்பஸ் லீவில் நானும் போனேன்.

முதல் நாளே சர்ஃபிங் ஆசை. பலகை வாடகைக்குக் கொடுக்கும் இடத்தில், மெல்லிசா, முனை கூரா, வெள்ளையா இருந்த ஒன்றைக் காட்டினேன். போஸ்டரில் இருப்பவன் அதில்தானே நிற்கிறான். கடைக்கார அண்ணன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “அது வாணாம் தம்பி, இத எடுங்க” என்று ஒன்பதடி நீல ஃபோம் பலகை ஒன்றைத் தட்டினார். எங்க லயத்துக் கதவு மாதிரி இருந்தது. வெட்கமாகப் போய்விட்டது. வெள்ளையைத்தான் எடுத்தேன்.

இரண்டு மணித்தியாலம். முழங்கால் உயர அலைகள் ஒவ்வொன்றாக எனக்குக் கீழே நுழைந்து கரைக்குப் போய்க்கொண்டே இருந்தன. ஒன்று கூட என்னைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. மறுநாள் பேசாமல் கதவை எடுத்தேன். மூன்றாவது தடவையிலேயே நின்றேன். நாலு செக்கன் இருக்கும்.

அந்த நாலு செக்கனுக்கும் அதற்கு முந்தைய நாள் வெட்கத்துக்கும் பின்னால் என்ன இருக்கிறது என்று தேட ஆரம்பித்ததுதான் இந்தக் கட்டுரை.

முதலில் கணக்கு. கரையோரத்தில் அலையின் வேகத்தைத் தீர்மானிப்பது தண்ணீரின் ஆழம். இரண்டடி அலை முக்கால் மீட்டர் ஆழத்தில் உடையும். அதன் வேகம் மணிக்குச் சுமார் 10 கிலோமீட்டர், ஒரு ஆள் ஓடுற வேகம். ஆளுயரத்துக்கு மேலே எழும்பும் அலைக்கு அதைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அதாவது சின்ன அலையிடம் தள்ளுவதற்குச் சக்தி குறைவு. அந்தக் குறைந்த தள்ளலிலேயே பலகை தண்ணீருக்குள் புதையாமல் மேலே ஏறி வழுக்க வேண்டும். அதற்கு அகலம் வேண்டும், தடிப்பு வேண்டும், அடிப்பாகம் தட்டையாக இருக்க வேண்டும். முனை வாழைப்பழம் மாதிரி மேலே வளைந்திருந்தால் பெரிய அலையின் செங்குத்தில் இறங்க உதவும். சின்ன அலையில் அந்த வளைவே தண்ணீரைத் தள்ளிக்கொண்டு பிரேக் போடும். என் வெள்ளைப் பலகையில் நடந்தது அதுதான்.

இது ஏதோ நேற்றுக் கண்டுபிடித்த விஷயம் இல்லை. ஹவாய்த் தீவுக்காரர்களுக்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே தெரியும். கப்டன் குக்கின் கப்பலில் வந்த ஜேம்ஸ் கிங் 1779இல் அவர்கள் அலையேறுவதைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். அங்கே முக்கியமாக இரண்டு வகைப் பலகை. ‘அலாயா’ மெல்லியது, குட்டையானது; செங்குத்தாக உடையும் அலைக்கு. ‘ஓலோ’ பதினைந்தடிக்கும் மேலே நீளும், தடிப்பானது. இன்னும் உடையாத, மெதுவாக உருண்டு வரும் அலையைக் கூடப் பிடித்துவிடும். இந்த ஓலோவைச் சாதாரண சனம் தொடக் கூடாது. அது தலைவர்களுக்கு மட்டும். அலாயாவோ எல்லோருக்கும் பொது.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நான் வெட்கப்பட்ட அந்தத் தடித்த, நீளமான, லேசாக மிதக்கும் பலகை ஒரு காலத்தில் ராசாக்களின் சொத்து!

இன்னொன்றும் இருக்கிறது. ஓலோ செய்ய அவர்கள் விரும்பிய மரம் ‘விலிவிலி’. அது எரித்ரைனா என்ற பேரினத்தைச் சேர்ந்தது. நம்ம முள்முருங்கையும் அதே இனம். தேயிலைக்கு நிழல் தரவும், வெட்டிப் பசளையாகப் போடவும் தோட்டங்களில் நட்ட டடப் மரமும் அதே இனம்தான். நட்டால் வேகமாக வளரும், தூக்கினால் பாரமே இருக்காது, விறகுக்கும் உருப்படாது என்று நாங்கள் திட்டும் அந்த மரத்தின் சொந்தக்காரன், பசுபிக் நடுவில் அரசர்களைச் சுமந்திருக்கிறான்.

தமிழ்க் கரைக்கு வருவோம். சென்னைக்கு 1870களின் பிற்பகுதி வரை ஒழுங்கான துறைமுகமே கிடையாது. கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போடும். கரைக்கும் கப்பலுக்கும் இடையில் வரிசையாக உடையும் அலைகள். வெள்ளைக்காரனின் உறுதியான கப்பற்படகுகள் அங்கே நொறுங்கின. அந்த அலையைக் கடந்தவை இரண்டு. ஒன்று மசூலாப் படகு: ஆணியே இல்லாமல் பலகைகளைக் கயிற்றால் தைத்தது, அலை அடித்தால் வளைந்து கொடுக்கும். இன்னொன்று கட்டுமரம். மரங்களைச் சேர்த்துக் கட்டியது, அவ்வளவுதான். உள்ளே தண்ணீர் நிரம்பாது, ஏனென்றால் அதற்கு ‘உள்ளே’ என்று ஒன்றே இல்லை. அலை மேலே ஏறினால் இடுக்கு வழியாக இறங்கிவிடும். கரைக்குத் திரும்பும்போது அலையே தள்ளிக்கொண்டு வந்துவிடும். வில்லியம் டாம்பியர் 1697இல் வெளியிட்ட தன் பயண நூலில் கட்டுமரத்தைப் பற்றி எழுதினார். அந்தச் சொல் அப்படியே ஆங்கிலத்துக்குப் போனது. சர்ஃபிங்கைக் கண்டுபிடித்ததே தமிழன் என்று சொல்ல நான் வரவில்லை. அந்த மாதிரிப் பதிவுகள் போதுமான அளவு ஃபேஸ்புக்கில் இருக்கு. மீனவர்கள் விளையாடப் போகவில்லை, சோற்றுக்குப் போனார்கள். ஆனால் ‘இந்தக் கரையின் அலைக்கு எது மிதக்கும்?’ என்ற கேள்வியை ஹவாய்க்காரர்கள் மாதிரியே இவர்களும் கேட்டு, பாரமில்லாத மரம் என்ற அதே விடைக்கு வந்து சேர்ந்தார்கள். பிற்காலக் கட்டுமரங்களுக்கு அல்பீசியா மரம் கேரளத்திலிருந்து இறங்கியது. அந்த அல்பீசியா எங்கள் மலைகளிலும் இருக்கிறது. ஹவாயில் இன்று அதில் சர்ஃப் பலகை செய்கிறார்கள்.

நவீனக் கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கலிபோர்னியாவில் பொப் சிமன்ஸ் என்று ஒருவர். இரண்டாம் உலக யுத்தம் முடிந்த கையோடு, வேகப்படகுகளின் அடிப்பாகத்தைப் பற்றி லின்ட்சே லோர்ட் எழுதி 1946இல் வந்த நூலைப் படித்து, அகலமான, தட்டையான, லேசான பலகைகளைச் செய்தார். 1954இல் சர்ஃபிங் செய்யும்போதே இறந்தார். 1967இல் சான் டியாகோவில் ஸ்டீவ் லிஸ் முழங்காலில் நின்று ஓட்ட ஒரு குட்டைப் பலகை செய்தார்: அகலம், வால் இரண்டாகப் பிளந்திருக்கும், அடியில் இரண்டு ஃபின். பார்க்க மீன் மாதிரி, பெயரும் ‘ஃபிஷ்’. அவுஸ்திரேலியாவின் மார்க் ரிச்சர்ட்ஸ் அந்த யோசனையைத் திருத்தி, இரண்டு ஃபின் பலகையோடு 1979 முதல் 1982 வரை தொடர்ந்து நாலு உலகப் பட்டம் எடுத்தார். சின்ன அலையில் அவரைப் பிடிக்க ஆளில்லை. அதே நாட்டு சைமன் அண்டர்சன் பெரிய உடம்புக்காரர், இரண்டு ஃபின் அவருக்கு வழுக்கியது. 1980இல் மூன்றாவது ஃபின்னைப் பூட்டினார். 1981இல் பெல்ஸ் பீச் போட்டியைப் பெரிய அலையில் வென்றார். அதோடு உலகமே மூன்று ஃபின்னுக்கு மாறியது.

எனக்குப் பிரச்சினையாகத் தெரிவது இதற்குப் பிறகு நடந்தது. 1990களில் சம்பியன்களின் பலகைகள் மெலிந்து மெலிந்து சிப்ஸ் மாதிரி ஆயின. அவர்களுக்கு அது சரி. நல்ல அலை, நல்ல உடம்பு. ஆனால் கடைகளில் சாதாரண ஆட்களும் அதையே வாங்கி, சின்ன அலையில் மூழ்கினார்கள். 2019இல் உலக சர்ஃப் லீக் போட்டி அறுகம்பையில் நடந்தபோது வந்த படங்களைப் பார்த்து நானும் அதே பிழையைத்தான் செய்தேன். எங்கள் அலை எது, எங்கள் உடம்பு எது என்று கேட்காமல், படத்தில் இருப்பவனின் பலகையைக் கேட்டேன்.

கேட்க வேண்டியது லீற்றர் கணக்கு. பழகும் ஆள் எத்தனை கிலோவோ, பலகை குறைந்தது அத்தனை லீற்றராவது இருக்க வேண்டும். அறுகம்பையில் பேபி பொயின்ட் பக்கம் அலை சின்னதாக இருக்கும் நாளில் எட்டடிக்கு மேலே ஃபோம் பலகை. நிற்கப் பழகி, திருப்பவும் வந்த பிறகு, அகலமான ஃபிஷ். வெள்ளை ஊசி அங்கேயே சுவரில் சாய்ந்திருக்கட்டும்.

மலையகத்துப் பிள்ளைக்கு இது ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்று சித்தப்பா மகன் கேட்டான். எங்களுக்குக் கடல் என்றால் விளையாட்டு இல்லை. அதைக் கடந்துதான் கூட்டிக்கொண்டு வந்தார்கள். 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதியது. அப்பாயியின் தம்பி தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரம் போனவர்தான், பிறகு ஊருக்குத் திரும்பவே இல்லை. வீட்டில் கடல் என்ற சொல் வந்தாலே அப்பாயி அந்தக் கதைக்குத்தான் போவார். நான் அதில் விழுந்து எழும்பி விளையாடியதைச் சொன்னபோது, “காசு குடுத்தா போய் விழுந்த?” என்று மட்டும் கேட்டார். பிறகு, “தண்ணி உப்பா இருந்திச்சா?” என்றார்.

இந்த சீசனுக்குத் தங்கச்சியும் வருகிறாள். 2018இல் தொடங்கிய அறுகம்பைப் பெண்கள் சர்ஃப் கழகத்தின் வீடியோக்களைப் பார்த்துவிட்டு ஒரே பிடி. அவள் 46 கிலோ. நேற்று வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பி, “அண்ணே, இந்த வெள்ள கலர் ஓகேயா?” என்று கேட்டிருந்தாள்.

“வாணாம்,” என்று போட்டேன். “மூலையில நீலக் கலர்ல ஒரு லயத்துக் கதவு நிக்கும். அத எடு.”